தாளில் நான் எழுதிய சமயம்

என் ஆசைப் பரமு அண்ணை,

இந்த நகரத்துச் சனத்தைச் சமயவாரியாகப் பிரித்து இந்தக் கிழமை பத்திரிகையில் போட்டிருந்தார்கள். கத்தோலிக்கர் குறைந்துவிட்டார்களாம், 'மற்றவர்கள்' கூடிவிட்டார்களாம். மற்றவர்கள் என்றால் துருக்கியரும் நாங்களும்தான். நீங்கள் எதிலும் இல்லை. செத்தவர்களை எண்ணுவதில்லை.

எண்பத்து நாலில் நாம் வந்து இறங்கியபோது அகதி விடுதியில் தமிழர் என்று இரண்டே பேர். இப்போது ரயிலடிக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். மூடிப்போன தளபாடக் கடையில் துருக்கியர் தொழுகிறார்கள். ஒரு வீட்டு நிலவறையில் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். பெரிய தேவாலயத்தில்தான் ஆளில்லை. காலைப் பூசை ஒன்றை நிறுத்திவிட்டார்கள்.

நகரசபையில் பதிவுத் தாளை நீட்டிய நாள் நினைவிருக்கிறதா? சமயம் என்ற கட்டத்தில் என் பேனா நின்றது. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அதுவும் கத்தோலிக்கர் என்றால் அகதி வழக்கு லேசாக முடியும் என்று விடுதியில் ஒரு கதை. நான் உங்களைப் பார்த்தேன்.

"அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சுத்தான் என்னைப் பெத்தவ. முழுப் பொய்யில்லைத்தானே. எழுது தம்பி," என்றீர்கள்.

இருவர் தாளிலும் கத்தோலிக்கர் என்று எழுதினேன். நெற்றியில் திருநீறோடு நின்று எழுதினேன். எங்களைப் போல விசரர் எங்கேயாவது உண்டா?

போன மார்கழியில், வேலை செய்த உணவகச் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். உங்களுக்கு இரத்தச் சொந்தம் என்று இங்கே யாருமில்லை; நான் கூட வந்தவன் மட்டும்தான். நகரசபை தாளைப் பார்த்துப் பாதிரியாரை அழைத்தது. குழி வெட்டிய பிறகு அவர் என் கையைப் பிடித்து, "உங்கள் வழக்கப்படி ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். எரிக்க வேண்டும் என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால் உங்கள் தாள் பொய்யென்று தெரியும்; என் தாளும் பொய்யென்று தெரியும். வழக்கை நினைத்துப் பயந்து, "இல்லை" என்றேன். சைவப் பழமான உங்களை மண்ணில் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வழக்கும் போன மாதம் தள்ளுபடி. என் சமயத்தை அவர்கள் கேட்கவே இல்லை, அண்ணை.

உங்கள் அம்மாவின் கடிதம் வந்திருக்கிறது. "பிள்ளையின்ர சாம்பலை ஆரிட்டையாவது குடுத்து விடுங்கோ தம்பி. கீரிமலைக் கடலிலை கரைச்சால்தான் எனக்கு நித்திரை வரும்." எந்தச் சாம்பலை அனுப்புவேன்? மயான அலுவலகத்தில் கேட்டேன். புதைத்த உடலைத் தோண்டி எடுக்க முடியாதாம். குழிக்குக் கொடுத்த தவணை வருசங்கள் முடிந்தால் அந்த இடம் வேறொருவருக்காம். அதுவரை என்னை இங்கே விட்டுவைப்பார்களா? என்னைத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு விளக்கு வைப்பது யார்?

அறைக்கூட்டாளி ஒரு வழி சொல்கிறான். "அடுப்புச் சாம்பலிலை ஒரு பொட்டலம் கட்டி அனுப்பிவிடு. மனுசி நிம்மதியாய்ப் படுக்கட்டும்."

நேற்று முழுக்க யோசித்தேன். பொட்டலம்கூடக் கட்டினேன். பிறகு குப்பையில் கொட்டிவிட்டேன். இன்னொரு பொய் என் கையால் வேண்டாம். அம்மாவுக்கு உள்ளதை எழுதுகிறேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. அதற்குப் பிறகு அவவுக்கு நித்திரை வராது. எனக்குத் தெரியும்.

உங்களை வேதக்காரராக்கி மண்ணில் விட்ட தம்பி,
தவம்