அமாவாசையன்று வந்த பூண்டு வாசனை

சாமி,

இன்று காலை என் மனைவி அடுப்பில் பூண்டு வதக்கினாள். நான் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன். "என்னத்துக்கு இப்பிடி ஓடுதியோ?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். யுத்தம் முடிந்தும் என் மூக்கு அந்தக் கரமனைப் பட்டறையை விட்டு வரவில்லை.

திருவனந்தபுரமே செம்புக்கு அலைந்த நாட்கள் அவை. உருக்காலைப் புகைபோக்கியில் படியும் தூசியிலும் செம்பு இருக்கிறது என்று பட்டறை முதலாளியிடம் சொன்னவர் நீர். தூசியை அமிலத் தண்ணீரில் ஊறப்போட்டால் தண்ணீர் நீலமாகும். அதைத் தெளியவைத்துத் தொட்டியில் ஊற்றி, நான் சாலைக் கடைகளில் பொறுக்கி வந்த பழைய ஆணிகளைப் போடுவீர். ஆணிமேல் செம்பு சிவப்பாகப் படியும். "வந்துட்டா பாரும், மகாலக்ஷ்மி!" என்பீர்.

அக்கிரகாரத்துக்காரர் நீர், பூண்டு உம் வீட்டுப் படியேறாது. நாஞ்சில் நாட்டானான எனக்கோ பூண்டுத் துவையல் இல்லாமல் சோறு இறங்காது. வேறு ஊர் உருக்காலையிலிருந்து புதுத் தூசி மூட்டைகள் வந்த பிறகு, பட்டறையில் பூண்டு வாசனை வீசியது. பழி என் தூக்குச்சட்டிமேல் விழுந்தது. "பிள்ளைவாள், ஒம்ம தொவையல் நாத்தம் தொட்டிக்கே பிடிச்சுடுத்து. வெளியில போய்ச் சாப்பிடும்!" என்று விரட்டுவீர். நானும் சிரித்துக்கொண்டே மாமரத்தடிக்குப் போவேன்.

அன்று நல்ல மழை. சாரல் அடிக்கிறதென்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தீர். நான் உள்ளே கால் வைத்ததும், தொட்டிமேல் குனிந்தபடியே கேட்டீர்: "இன்னிக்கும் பூண்டுதானா, ஓய்?"

"இன்னைக்கு அமாவாசைலா, சாமி. எங்க வீட்டுல பூண்டைத் தொடவே மாட்டாவ."

நீர் நிமிர்ந்தீர். இருவரும் தொட்டியைப் பார்த்தோம். ஆணிகளைச் சுற்றிக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. உம் சிரிப்பு பாதியில் நின்றது. உம் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

மாலையில் உமக்குச் சிறுநீர் ரத்தமாகப் போயிற்று. மறுநாள் கண் மஞ்சளாயிற்று. புதுத் தூசியில் பாஷாணம் இருந்திருக்கிறது, அமிலமும் இரும்பும் சேர்ந்ததும் அது வாயுவாகக் கிளம்பியிருக்கிறது, அந்த வாயுவுக்குப் பூண்டு வாசனை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சாவை மூக்கால் முகர்ந்துகொண்டே அல்லவா நாம் கேலி பேசிக்கொண்டிருந்தோம்! அந்த வாரமே நீர் போய்விட்டீர்.

இன்றும் பூண்டு வாசனை வந்தால் முதலில் கதவைத் திறக்கிறேன். யார் வீட்டு அடுப்பு என்று அப்புறம்தான் கேட்கிறேன். உம் கேலி என்னை மாமரத்தடிக்கு விரட்டியது, சாமி. உம்மை விரட்டத்தான் யாரும் இல்லை.