ஒட்டிக்கொண்ட கடற்பஞ்சு

தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்லக் கம்பவுண்டர் எழுதுகிறார். தன் சரக்கு எதையும் சேர்த்துவிட்டாரோ என்று இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன், நான் துண்டு வெட்டிக் கடலில் கயிற்றில் கட்டி வளர்க்கும் என் தாய்ப்பஞ்சில், நான் வெட்டாத இடத்தில் புதிதாகக் கத்தி பட்டிருந்தது. அடுத்த மாதமே நீயும் கடலில் கயிறு கட்டிப் பஞ்சு வளர்க்க ஆரம்பித்தாய். "கண்ணாணை அண்ணே, தூரப் பாறையில எடுத்தது" என்றாய். நான் தலையாட்டினேன், நம்பவில்லை.

இந்தக் கோடையில் அழுகல் நோய் வந்து என் பஞ்செல்லாம் போய்விட்டது. தாய்ப்பஞ்சில் மட்டும் ஒரு கைப்பிடி உயிரோடு இருக்கிறது. போன மாதம் நீ இல்லாத நேரம் பார்த்து, உன் கயிற்றில் கட்டைவிரலளவு கிள்ளி வந்து அதன்மேல் வைத்துக் கட்டினேன். வேற்றுப் பஞ்சு என்றால் நடுவே தோல் போட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதிலிருந்தே வெட்டியது என்றால் ஒன்றாகிவிடும். இது உனக்கும் தெரியும்.

ஒன்றாகிவிட்டது. நகத்தால் தேடினாலும் கோடு இல்லை.

திருட்டுப்பயலே, நீதான் திருடியிருக்க வேண்டும், என் பஞ்சு உன்னிடமாவது பிழைத்திருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேதான் கட்டினேன். பத்துத் துண்டு வெட்டி, தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல் வாளியோடு கொண்டு வா. எண்ணித்தான் வாங்குவேன்.

உன் அண்ணன்
(கைநாட்டு)