மூணாவது தடவை பூட்டை இழுத்தது

அன்புள்ள மதினிக்கு,

அன்னைக்கு வாசல்ல இருந்தவங்க பேரை முதல்ல எழுதிடுறேன். நீங்க இருந்தீங்க, அகரத்துல இருந்து டவுன் பஸ்ஸுல வந்து இறங்கின களைப்போட, கையில முருங்கைக்காய்க் கட்டும் மல்லிப்பூப் பொட்டலமுமா. உங்க மகள் செல்வி, ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி, வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. என் மகன், உங்க மாப்பிள்ளை முருகேசன் சைக்கிள் துடைச்சுக்கிட்டு இருந்தான். என் தங்கச்சி பாக்கியம் தரையில உக்காந்து வெங்காயம் உரிச்சா. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியமேரி துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. என் வீட்டுக்காரர் நாற்காலியில பேப்பரை விரிச்சிருந்தார். அப்புறம் நான்.

ஏழு பேரு பார்க்க நடந்த ஒண்ணை, பழக்கம்னு ஒரு பேரு வச்சு மூடி வச்சுட்டோம் மதினி. மூடினது நானு. மத்தவங்க மூடியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

எங்க திண்டுக்கல் பழக்கம் உங்களுக்குத் தெரியாததில்ல. இதை மத்தவங்களும் படிக்கப் போறாங்க, அதனால சொல்றேன். மத்த ஊருல ஆளைப் பார்த்தா சாப்டியான்னு கேப்பாங்க. எங்க தெருவுல "தண்ணி வந்துருச்சா"ன்னு கேப்போம். எழவு வீட்டுக்குப் போனாக்கூட அழுது முடிச்சு மூக்கைச் சிந்தினதும் அடுத்த பேச்சு அதுதான். கோடையில பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா, பதினஞ்சு நாளைக்கு ஒருக்காதான் பைப்புல தண்ணி விடுவாங்க. அதைப் பிடிச்சு வைக்க வீட்டுக்கு வீடு வாசல்ல நீல டிரம். டிரம்முக்கு மூடி, மூடிக்குக் கொண்டி, கொண்டிக்குப் பூட்டு.

பூட்டு செய்யிற ஊரா இருந்ததால வந்ததோ என்னமோ, பூட்டினா இழுத்துப் பார்க்காம எங்க ஊருல ஒருத்தரும் நகர மாட்டாங்க. மூணு தடவை இழுக்கணும். என் கொழுந்தனார் ஒருக்கா பழனி பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டு, இறங்கி வீட்டுக்கு ஓடி வந்து இழுத்துப் பார்த்துட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போனார். ஆரோக்கியமேரி சர்ச்சுக்குப் போறப்ப தன் வீட்டுப் பூட்டை இழுத்துட்டு, அப்படியே எங்க வீட்டுப் பூட்டையும் ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போவா. அது எங்களுக்கு உதவி. கை தானாப் போகும். மனசுல ஒண்ணும் இருக்காது.

இதைத்தான் இத்தனை வருஷமா உங்களுக்கு எல்லாரும் சொன்னாங்க. நானும் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தேன்.

அதுக்கும் முந்தி நடந்த ஒண்ணு இருக்கு. நீங்க முதமுதல்ல மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தப்ப என்ன கேட்டீங்க? சொந்தக்காரங்க ஆளாளுக்குப் பயமுறுத்தி அனுப்பியிருந்தாங்க, திண்டுக்கல்லுலயா பொண்ணு குடுக்கப் போற, தண்ணிக்கு அலைய விட்டுருவாங்கன்னு. நீங்க நகையைக் கேக்கல, வேலையைக் கேக்கல. "எம்பொண்ணு குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருத் தெருவாப் போக வேணாமே மதினி"ன்னு மட்டும் கேட்டீங்க. "பைப்பு வாசல்லயே இருக்கு, நீங்களே பாருங்க"ன்னு சொன்னேன். பைப்பு இருந்தது நிசம்தான்.

சம்பந்தம் பேச ஆளு வருதுன்னா எங்க தெருவே தண்ணி குடுக்கும், அது உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஒரு குடம். அன்னைக்கு ஆரோக்கியமேரி ரெண்டு குடம் குடுத்தா. எங்க டிரம் ரெண்டும் விளிம்பு தட்டி நின்னுச்சு. வாசல்லயே சொம்போட நின்னு, வந்த அத்தனை பேரு காலுலயும் நான்தான் ஊத்தினேன். "நல்லாக் கழுவிக்கங்க மதினி, தண்ணிக்கு என்ன"ன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன். அதைப் பார்த்துத்தானே பொண்ணைக் குடுத்தீங்க?

இப்ப அந்த நாளுக்கு வாரேன். வளைகாப்புக்கு நாள் சொல்லிப் பொண்ணைக் கூட்டிட்டுப் போக நீங்க வந்தீங்க. பைப்புல தண்ணி வந்து பதினோரு நாளாச்சு. சோறு வடிக்க ஒரு குடம் எடுத்துட்டு டிரம்மைப் பூட்டாம உள்ள போயிருந்தேன். திரும்பி வர்றப்ப நீங்க சொம்பை முக்கி எடுத்துக் காலுல ஊத்திக்கிட்டு இருக்கீங்க. இடது காலு, வலது காலு. இன்னொரு சொம்பு மொண்டு முகத்துக்கு. பக்கத்துலயே சிமெண்டுத் தொட்டியில உப்புத் தண்ணி இருந்துச்சு. கை கால் கழுவ அது, குடிக்க இது. உங்க ஊருல ஒரே கிணறு, ஒரே தண்ணி. உங்களுக்கு யாரு சொன்னா? சம்பந்தம் பேச வந்தப்ப நான் சொல்லிக் குடுத்ததை அப்படியே செஞ்சீங்க.

"அய்ய மதினி, அது குடிக்கிற தண்ணி"ன்னு சத்தம் போட்டு, ஓடி வந்து உங்க கையில இருந்து சொம்பைப் பிடுங்கினேன். பிடுங்கின வேகத்துல மிச்சத் தண்ணி உங்க சேலையில கொட்டுச்சு.

பாக்கியம் வெங்காயத்தைக் கீழ வச்சிட்டுச் சிரிச்சா. "அகரத்துக்காரவுக ஆத்துல இறங்கினாப்புல இறங்கிட்டாகளே"ன்னா.

நீங்க சிரிக்கல. டிரம்முக்குள்ள எட்டிப் பார்த்தீங்க. அடியில ரெண்டு சாண் கிடந்துச்சு. என்னைப் பார்த்து, மெதுவா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொன்னீங்க: "தண்ணி இம்புட்டுத்தானா மதினி? அன்னைக்குச் சொல்லலையே."

மூடியைப் போட்டேன். பூட்டினேன். ஒரு தடவை இழுத்தேன், அது கைப்பழக்கம். ரெண்டாவது இழுத்ததும் பழக்கம்தான். மூணாவது தடவை நான் உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இழுத்தேன் மதினி. இனிமே தொடாதேன்னு சொல்றதுக்காகவே இழுத்தேன். என் பொய்யை நீங்க கண்டுபிடிச்சதுக்காக இழுத்தேன்.

அது உங்களுக்குத் தெரிஞ்சுது. உங்க கண்ணுல பார்த்தேன். ஈரச் சேலையைப் பிழியக்கூடச் செய்யாம முருங்கைக்காயைப் படியில வச்சீங்க.

எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, தப்பா நினைச்சுக்காதீங்க மதினின்னு. அதுக்குள்ள என் வீட்டுக்காரர் பேப்பரை மடிச்சுக்கிட்டே, "அது எங்க ஊரு பழக்கம் தங்கச்சி. இழுக்கலேன்னா இவளுக்குத் தூக்கம் வராது. தப்பா எடுத்துக்காதீங்க"ன்னார். முருகேசனும் "ஆமா அத்தை, நாங்க எல்லாருமே இப்படித்தான்"னு சிரிச்சான். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஆரோக்கியமேரியும் ஆமான்னா. எனக்கு நல்லாப் போச்சு. ஊருக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நீங்க என் வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. வர்றப்ப எல்லாம் பெரிய தூக்குவாளி நிறைய உங்க கிணத்துத் தண்ணி கொண்டு வருவீங்க. பஸ்ஸுல அலம்பாம மடியில வச்சுக்கிட்டு. குடிச்சது போக மிச்சத்தை என்கிட்ட நீட்டி, "வெஞ்சனம் வைக்க வச்சுக்கங்க மதினி, பருப்பு நல்லா வேகும்"பீங்க. கோவத்துல கொண்டு வந்தீங்களா, பிரியத்துல கொண்டு வந்தீங்களா? நான் குத்திக் காட்டுறீங்கன்னே வச்சுக்கிட்டேன். அந்தத் தண்ணியில நான் ஒரு நாளும் சமைச்சதில்ல. உப்புத் தண்ணித் தொட்டியில கொட்டி ஏனம் கழுவினேன். ஒரு சொம்புத் தண்ணிக்காக உங்க சேலையை நனைச்சவ, வாளி வாளியா நல்ல தண்ணியைச் சாம்பலோட கழுவி விட்டிருக்கேன். எழுதுறப்பவே கை கூசுது.

இதை விடப் பெரிசு ஒண்ணு. செல்வி உங்ககூடச் சண்டை போட்டா, என் பக்கம் நின்னு. உங்க வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த இடத்துல, "அத்தை பூட்டை இழுத்ததை இன்னும் சொல்லிக் காட்டாதம்மா, அது அவங்க ஊரு பழக்கம், நீதான் பெருசு பண்ற"ன்னு சொல்லிட்டு, பிள்ளை பிறந்து மூணு மாசம் இருக்க வேண்டியவ முப்பது நாளுல பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. அதுக்கப்புறம் பொங்கலுக்கு வந்தாலும் ஒரு ராத்திரிக்கு மேல உங்க வீட்டுல தங்கல. எனக்கு அது பெருமையா இருந்துச்சு மதினி. மருமக நம்ம பக்கம்னு தெருவுல சொல்லிக்கிட்டேன். நீங்க சொன்னதுதான் சரின்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

அகரத்துக்கு வந்து உங்ககிட்டப் பேசிடணும்னு ரெண்டு தடவை கிளம்பினேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரி போயி மன்னிப்புக் கேட்டா நம்ம மருவாதை என்னாகும்"னு ரெண்டு தடவையும் என் வீட்டுக்காரர் நிறுத்தினார். நின்னது நான்தானே. காலு என் காலு.

நீங்க போன நாளைச் சொல்றேன். அது உங்களுக்குத் தெரியாத கதை. செல்விக்கும் தெரியாது.

உங்களுக்கு லேசாக் காய்ச்சல்னு செல்வி முந்தின நாளே அங்க வந்திருந்தா. அன்னைக்கு எங்களுக்குத் தண்ணி வந்துச்சு. தண்ணி வர்ற நாளுல எங்க ஊருல யாரும் எங்கயும் போக மாட்டாங்க. கல்யாணத்துக்கு மொய் குடுத்து அனுப்பிட்டு வீட்டுல நிப்பாங்க. காலையில எட்டு மணிக்கு விட்டாங்க, நல்ல வேகம். ரெண்டு டிரம், அண்டா, குடம், சோத்துப் பானை வரைக்கும் நிரப்பிக்கிட்டு இருந்தேன். வாயில பாட்டு வேற. தண்ணி விட்ட கொஞ்ச நேரத்துலயே உள்ள போன் அடிச்சுது. என் வீட்டுக்காரர் எடுத்துப் பேசிட்டு வந்தார். "யாரு?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல. நீ டியூபைப் பிடி."

மத்தியானம் மூணு மணிக்கு, கடைசிக் குடத்தை உள்ள வச்சு, டிரம்மைப் பூட்டி இழுத்ததுக்கு அப்புறம் சொன்னார். "அகரத்துல இருந்து செல்வி பேசுச்சு. அதோட அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். மதினியை வரச் சொல்லு, மதினியை வரச் சொல்லுன்னு உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காகளாம். தண்ணி வர்ற நாளாச்சேன்னு இருந்தேன். பழக்கம்தானே, பிடிச்சு முடிச்சிட்டுப் போகலாம்னு."

கட்டின சேலையோட ஓடினேன். அகரத்துல பஸ்ஸை விட்டு இறங்குறப்பவே கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. உங்க காலுமாட்டுல நான் உக்காந்தப்ப என் சேலைக் கொசுவம் இன்னும் ஈரமா இருந்துச்சு. செல்வி அதைப் பார்த்தா. "ஏன் அத்தை வரல? அம்மா வாசலையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு"ன்னு அழுதா. "லைன் சரியாக் கேக்கலம்மா"ன்னார் என் வீட்டுக்காரர். நான் வாயைத் திறக்கல.

எதுக்குக் கூப்பிட்டீங்க மதினி? திட்டவா? செல்வியைப் பார்த்துக்கன்னு சொல்லவா? மூணாவது இழுப்பை என் வாயால ஒத்துக்க வைக்கவா? எட்டு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் எனக்கு நேரம் குடுத்திருக்கீங்க. நான் அதுல ரெண்டு டிரம்மும் பதினாலு குடமும் பிடிச்சேன்.

இப்பத்திய சேதி சொல்றேன். காவிரித் தண்ணி வருது, முந்தி மாதிரிப் பஞ்சம் இல்ல. ஆனாலும் டிரம் அங்கேயேதான் இருக்கு, பூட்டும் இருக்கு. ஆளாளுக்கு செல்போன் வந்துருச்சு, தண்ணி விட்டா தெருவே ஒருத்தருக்கொருத்தர் மிஸ்டு கால் குடுக்குது. உங்க பேத்திக்குப் பன்னெண்டு வயசு. உங்களை மாதிரியே மெதுவாப் பேசுறா, பதில் சொல்ல முடியாத கேள்வியாக் கேக்குறா. செல்விக்கு முன்நெத்தியில நரை வந்துருச்சு. போன வாரம் உங்க படத்தைத் துடைச்சுக்கிட்டே, "எங்கம்மா நல்லவதான் அத்தை, ஆனா சின்ன விசயத்தைக்கூட மறக்க மாட்டா"ன்னா. அப்பத்தான் இதை எழுதணும்னு முடிவு பண்ணினேன். உங்களைப் பத்தி அவ மனசுல இருக்கிற அந்தக் குறை நான் போட்டது.

வர்ற ஞாயித்துக்கிழமை இதைச் செல்வி கையில குடுப்பேன். அவ முன்னாடி உக்காந்து, அவ படிச்சு முடிச்சு என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன், தண்ணி வந்தாலும். இது சத்தியம் மதினி.

பாக்கியம் சிரிச்சதை மனசுல வச்சுக்கிட்டு ஆறு வருஷம் அவகூடப் பேசாம இருந்தேன். அவளை மன்னிச்சாச்சு. ஆரோக்கியமேரியையும் முருகேசனையும் மன்னிச்சாச்சு, அவங்க பார்த்ததைத்தான் சொன்னாங்க. என்னை மன்னிக்கிறது உங்க வேலை, செல்வி வேலை. அதுல நான் கை வைக்க மாட்டேன்.

ஒருத்தரை மட்டும் மன்னிக்க மாட்டேன். போன் வந்ததை மறைச்சாரே, அதைக்கூட ஒருவேளை விட்டிருப்பேன். காலையிலயே சொல்லியிருந்தாலும் நான் "இந்தா, பிடிச்சு முடிச்சிட்டுப் போறேன்"னுதான் சொல்லியிருப்பேன்னு அவர் முடிவு பண்ணினாரே. அது தப்புன்னு என்னால இன்னைக்கு வரைக்கும் சொல்ல முடியல. அதுக்காகவே மன்னிக்க மாட்டேன். கல்யாணமாகி நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட வாயில வராத பேரு. ரேஷன் கார்டுக்குக்கூடப் பக்கத்துல நிக்கிறவங்களைச் சொல்லச் சொல்லித்தான் எழுத வச்சேன். உள்ள டீவி பார்த்துக்கிட்டு இருக்கார். நானே எழுதுறேன்: சின்னக்கருப்பன்.

இப்படிக்கு,
உங்க மக வாக்கப்பட்டு வந்த வீட்டு மாமியார்,
உங்க மதினி.