டைனமோவில் கேட்ட செய்தி

எங்கள் திருவான்மியூர் குடியிருப்பின் வாட்ச்மேனிடம் பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறது. இருட்டியதும் விளக்கு எரிய டைனமோவைச் சக்கரத்தில் தட்டிவிட்டு டீ குடிக்கக் கிளம்புவார். அந்த உர்ரென்ற சத்தம் கேட்டால் எனக்குக் கைவேலை ஓடுவதில்லை. உன்னோடு எங்கள் பழைய மயிலாப்பூர் வீட்டு முற்றத்துக்குப் போய்விடுகிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தாய். யாழ்ப்பாணத்துப் பெண், என் வயது. உன்னை டைப்ரைட்டிங் படிக்க இங்கே அனுப்பிவிட்டு, சண்டைக்கு நடுவில் வீட்டையும் பசுவையும் பார்த்துக்கொண்டு உன் அம்மா அங்கேயே இருந்தார். உன் ஊர் வழக்கில் என்னை 'நீர்' என்பாய். எனக்குச் சிரிப்பு வரும். சாயங்காலச் செய்தி நேரத்தில் மட்டும் உன்னிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

ஒரு நாள் ரேடியோ உன் ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே குண்டு விழுந்தது என்றது. அதோடு கரண்டு போய்விட்டது. நீ ரேடியோவோடு கீழே ஓடிவந்து அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாய். ரேடியோவின் பேட்டரிப் பெட்டியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து டைனமோவில் முறுக்கினாய்.

"என்னம்மா பண்றே வண்டியை?" என்றார் அப்பா.

"எதிர்க்கடையிலயே பேட்டரி விக்கறாங்க. வாங்கிட்டு வரேன் இரு" என்றேன் நான்.

நீ ஒரு கணம் விழித்தாய். அரசு பேட்டரிக்குத் தடை போட்டதால் டைனமோவில் ரேடியோ கேட்கப் பழகிய ஊரிலிருந்து வந்தவளுக்கு, அதைக் கடையில் வாங்கலாம் என்பதே தோன்றியிருக்கவில்லை.

"அதுக்கிடையில செய்தி முடிஞ்சிடும். சுத்தும், நிப்பாட்டாதையும்" என்று என் கையைப் பெடலில் வைத்தாய்.

சுற்றினேன். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கியது. எனக்குப் பயமாக இருந்தது, ஏதோ என் கையில்தான் எல்லாம் இருப்பதுபோல. கோயிலுக்குப் பக்கத்தில் விழுந்ததாம், சனங்கள் வெளியேறிவிட்டார்களாம்.

"அம்மா போயிருக்கமாட்டா. மாட்டை விட்டிட்டு அவ போகமாட்டா" என்றாய்.

செய்தி முடிந்து சினிமாப் பாட்டு போட்டார்கள். கரண்டும் வந்துவிட்டது. நீ ரேடியோவிலிருந்து காதை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சுத்தும்" என்றாய்.

அந்த வாரமே அம்மாவைக் கூட்டிவரப் புறப்பட்டாய். ரேடியோவை என்னிடம் விட்டுப் போனாய். கொழும்பு வந்து சேர்ந்ததாக ஒரு போன் வந்தது; அவ்வளவுதான். அதன் பிறகு சாயங்காலச் செய்தியை நான் கேட்டேன், வருடக்கணக்காக. செத்தவர்களை எண்ணிக்கையாகத்தான் சொன்னார்கள். எந்த எண்ணுக்குள் நீ இருந்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாட்ச்மேன் திரும்பி வந்து சைக்கிளை நிறுத்துகிறார். சத்தம் அடங்கிவிட்டது. மடியில் என் வலது கை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீ இன்னும் போதும் என்று சொல்லவில்லை.