பருவம் தப்பிய இருமல்

ஜனவரி 9

அன்பு வாயாடிக்கு,

இல்லை, பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து சளியே பிடிக்காததில் கவலைப்பட ஒன்றுமில்லை. யாருக்கும் பிடிக்கவில்லை. பள்ளிகள் மூடல், முகக்கவசம், ஊரடங்கு. கொரோனாவுக்குப் போட்ட பூட்டில் மற்ற வைரஸ்களும் வெளியே நிற்கின்றன. "மேடம், ஃப்ளூவும் வீட்லயே அடைஞ்சு கெடக்குது போல" என்கிறார் எங்கள் ஆய்வக உதவியாளர்.

குழந்தைகளின் நுரையீரலைப் பிடிக்கும் ஆர்.எஸ்.வி.யும் இந்தக் குளிருக்கு வரவில்லை. மூன்று மாதமாக ஒரு பாசிட்டிவ்கூட இல்லை. அந்தச் சோதனையை அடுத்த குளிர்காலம்வரை நிறுத்தலாம் என்று நான்தான் கையெழுத்திட்டேன். கொரோனாவுக்கே ஆள் போதவில்லை.

அதுவரை நிம்மதியாக இரு. பாப்பாவுக்கு முத்தம்.

அக்கா

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டுப்பாடுகள் தளர்ந்து குழந்தைகள் காப்பகம் திறந்துவிட்டது. ஒன்றரை வயதில் பாப்பா முதல்முறையாக இன்னொரு குழந்தையைத் தொட்டாள். மூக்கைத்தான். பொம்மை என்று நினைத்திருப்பாள். அது அலறியதும் இவளும் அலறினாள்.

"பெரியம்மா எங்க?" என்று கேட்டால் போனைக் காட்டுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடவா உன்னை விட மாட்டார்கள்?

இரண்டு நாளாக அவளுக்கு இருமல். வெயில் கொளுத்துகிறது, குளிர்காலம் எங்கோ இருக்கிறது. நீ சொன்னபடி பயப்படவில்லை.

உன் வாயாடி

ஜூன் 23

வாயாடி,

பாப்பா நம்மை விட்டுப் போய்ப் பதினைந்து நாள். போனை நீ எடுப்பதில்லை. இதை வேறு யாரும் அல்ல, நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அவள் மூக்கிலிருந்து சோதனைக்கு எடுத்த சளி எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்திருக்கிறது. பெயரில்லை, எண் மட்டும். கொரோனா நெகட்டிவ். அதோடு விட்டோம். மீதியை நேற்று எண்ணை வைத்துத் தேடி எடுத்துச் சோதித்தேன். ஆர்.எஸ்.வி.

கதவு திறந்ததும் பருவம் பார்க்காமல் வந்துவிட்டது. எந்தக் கிருமியையும் காணாத உடல்கள். நான் யோசித்திருக்க வேண்டும்.

என்னைத் திட்டு. ஏதாவது எழுது.

அக்கா

ஜூலை 2

அக்கா,

பாப்பாவைக் கொண்டுபோய்க் காட்டிய டாக்டர் சொன்னார்: "கொரோனா இல்லம்மா. சாதாரண சளிதான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." அடுத்த குளிர்காலம்வரை நிம்மதியாக இரு என்று நீயும்தானே எழுதியிருந்தாய். மூச்சு விடும்போது அவள் விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது. மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தேன்.

திட்ட வரவில்லை. நீ பொய் சொல்லவில்லை. ஆனால் உன் எழுத்தைப் பார்த்தால் அந்த மூச்சுச் சத்தம் கேட்கிறது. இனி எழுதாதே.

இன்று மாலை காப்பக வாசலில் நின்றேன். குழந்தையை அழைக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "மூச்சு வாங்குனா காத்திருக்காதீங்க." ஏழு பேர் நின்று கேட்டார்கள். பிறகு அங்கே வைத்திருந்த பாப்பாவின் மாற்றுச் சட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.