முதுகில் ஊற்றிய கடல்நீர்

நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி விழுந்து, நான் மெல்ல மெல்ல எழுதிய உன் பெயரைக் கரைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. கரைந்தால் என்ன, மறுபடி எழுதலாம். இந்தக் கிழவனுக்கு இப்போது எழுதத் தெரியும்! ஆனால் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. எழும்பிப் போய்த் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கோதுமை மாக் கப்பலில் மூட்டை இறக்குவதற்குத்தான் உங்களைக் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலையில் செய்த மனிதர்கள் என்றாலும் எங்களைப் போலவே முகம், எங்களைப் போலவே கதை. நீ என் பக்கத்து வீட்டில் குடியிருந்தாய். பிறகு மூதூர்ப் படகில் என்னோடு வேலைக்கும் வந்தாய். உன்னைச் செய்தவர்கள் வேர்வையை மட்டும் மறந்துவிட்டார்கள்.

சண்டை தொடங்கியதும் அதுவே வினையாயிற்று. இறங்குதுறையில் துப்பாக்கி ஏந்திய துவக்குக்காரர் எல்லோரையும் வெயிலில் நிறுத்தி முதுகைத் தடவிப் பார்ப்பார்கள். முதுகு காய்ந்திருந்தால் செய்த மனிதன் என்று பிடித்து, கண்ணிவெடி கிடக்கும் பாதையில் முன்னால் நடக்க விடுவார்கள். போனவர் எவரும் திரும்பியதில்லை.

அதனால் கரை நெருங்கும்போதெல்லாம் ஒரு வாளி கடல்நீரை உன் முதுகில் ஊற்றுவேன். இன்றைக்குக் கடும் வேலை போல, இப்படி வேர்க்கிறதே என்பேன்.

"உன்ரை வேலையையும் நான்தானே செய்யிறன், மச்சான்," என்பாய்.

அன்று எனக்குக் குளிர்காய்ச்சல். வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்றேன். உன் ஈர முதுகைத் தடவிவிட்டுப் போகச் சொன்னார்கள். என் முதுகு காய்ந்து கிடந்தது. இவன்தான் என்று என்னை வெளியே இழுத்தார்கள். காய்ச்சல் என்றேன், நடிக்கிறான் என்றார்கள்.

நீ போயிருக்கலாம். திரும்பி வந்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் முதுகை நன்றாகத் துடைத்து, அவர்களுக்குக் காட்டினாய்.

"ஐயா, நீங்கள் தேடுறது என்னை. அவன் மனிசன், விடுங்கோ."

கொண்டுபோகும்போது என்னைப் பார்த்துச் சொன்னாய்: "காய்ச்சல் விட்டா உனக்கு வேர்க்கும். பயப்பிடாதை."

பின்னேரம் வேர்த்தது. பாய் நனைய வேர்த்தது. மனைவி துடைக்க வந்தாள், நான் விடவில்லை.

இப்போதும் துடைப்பதில்லை. இறங்குதுறைக்குப் போனால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன். ஈர முதுகோடு யார் இறங்கினாலும் பின்னாலேயே நடந்து, வேர்வையா கடல்நீரா என்று மோந்து பார்க்கிறேன். நேற்று ஒருவர் திரும்பி, "என்ன அப்பு, ஆரைத் தேடுறீங்கள்?" என்று கேட்டார். அவரிடம் வேர்வைதான் மணத்தது.

உன் பெயரை மறுபடி எழுதிவிட்டேன். மை காயுமுன் இன்னொரு துளி விழப் பார்க்கிறது. விழட்டும்.