நீ கேட்ட பூமிக்கடிக் கடைத்தெரு

கிணற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போன என் மச்சான் வெள்ளையனுக்கு,

நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. என்ன எழுத? எந்த முகத்தோடு எழுத? இப்போது ஒரு சேதி இருக்கிறது. நீ பார்க்க ஆசைப்பட்டாயே, அந்தக் கடைத்தெருவைப் பார்த்துவிட்டேன் மச்சான். பூமிக்கு அடியில் இறங்கி, நடந்து, வழி தப்பி, மேலே ஏறியும் வந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஜமுனாமரத்தூர் சந்தையில் நீ வாங்கிய பட்டாணிப் பொட்டலத்தில் ஒரு பழைய செய்தித்தாள். ஜப்பான் தேசத்தில் ரயில் நிலையங்களுக்கு அடியில் கடைத்தெரு இருக்கிறதாம், ஒரு நிலையத்தில் இறங்கினால் மண்ணுக்குள்ளேயே நடந்து அடுத்த நிலையத்துக்குப் போய்விடலாமாம். படமும் போட்டிருந்தார்கள். நீ பட்டாணியை என் கையில் கொட்டிவிட்டு அந்தத் தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து இருபது கிணறாவது வெட்டியிருப்போம். என் தங்கை செல்லியை உனக்குக் கட்டிக் கொடுத்த பிறகும் வெட்டினோம். ஆனால் அந்தத் தாள் கிடைத்த நாளிலிருந்து உனக்கு இரண்டே கேள்விதான்.

"மேல இருக்கற மண்ணு எப்டி மச்சான் வுழாம நிக்குது? ஊத்து வந்தா இன்னா பண்ணுவானுங்க?"

எனக்கென்ன தெரியும்? போய்ப் பார்த்துவிட்டு வா என்று கேலி செய்தேன். கடைசியில் போனவன் நானாகிவிட்டேன்.

உன்னைத் தூக்கி அடக்கம் பண்ணின பிறகு எனக்கு மண் என்றாலே ஆகவில்லை. கடப்பாரையைத் தொடவே இல்லை. மலையை விட்டு இறங்கி, மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, யார் யார் காலையோ பிடித்து ஒரு சரக்குக் கப்பலில் ஏறிவிட்டேன். சமையற்கட்டில் வேலை. கப்பலிலும் கீழ்த்தளத்துக்கு மூட்டை எடுத்து வரச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவேன். அங்கே பெரிய சமையற்காரர் மத்தாயி, கேரளத்துக்காரர். என் காகிதத்தில் 'மலையாளி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு முதல் நாள் முழுக்க மலையாளத்திலேயே பேசினார் மனுஷன். எங்களையும் மலையாளி என்றுதான் சொல்வார்கள், ஆனால் ஜவ்வாது மலையாளி என்று விளங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

போன வருஷம் கப்பல் ஒசாகாவில் நின்றது. கரையிறங்க ஒரு பகல் அனுமதி கொடுத்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் திரும்பாவிட்டால் கப்பல் நமக்காக நிற்காது. மத்தாயிக்குக் கடிகாரம் வாங்க வேண்டும், நல்ல கடையெல்லாம் ஸ்டேஷனுக்கு அடியில்தான் என்றார். அடியில் என்ற சொல்லைக் கேட்டதுமே உன் பட்டாணிப் பொட்டலம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

ரோட்டோரத்தில் சாதாரணமாக ஒரு படிக்கட்டு. கூட்டம் கூட்டமாக ஜனம் இறங்குகிறது. நான் முதல் படியில் நின்றுவிட்டேன். அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பூமிக்குள் இறங்குகிறவன் செருப்போடு இறங்கலாமா? நம் ஊரில் எவனாவது இறங்கியிருக்கிறானா? மத்தாயி தலையில் அடித்துக்கொண்டார். கோட்டுப் போட்ட ஒருவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், விலகிப் போனார். பார்க்கட்டும் என்று இறங்கிவிட்டேன்.

மச்சான், அது கிணறு இல்லை, ஒரு ஊர். ஜமுனாமரத்தூர் சந்தையைப் போலப் பத்துச் சந்தையை உள்ளே வைக்கலாம். துணிக்கடை, மருந்துக்கடை, புத்தகக்கடை, குடைக்கடை. மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. சாப்பாட்டுக் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிண்ணம் கிண்ணமாகச் சோறும் மீனும் வைத்திருந்தார்கள். இத்தனை சோற்றில் ஒரு ஈ கூட உட்காரவில்லையே என்று குனிந்து குனிந்து பார்க்கிறேன். எல்லாம் மெழுகில் செய்த பொம்மையாம்! மத்தாயி சிரித்த சிரிப்பில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் ஒன்றை எடுத்துக் கடித்தே பார்த்திருப்பாய்.

நான் கடையைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தேன். தூண் இருக்கும் இடமெல்லாம் போய்த் தட்டினேன். மத்தாயி ஒரு கடிகாரக் கடைக்குள் நுழைந்தார். வெளியே நான் நிற்கும்போதுதான் அது வந்தது. காலுக்குக் கீழே தரை நடுங்கியது.

அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். உன் வீட்டுப் பின்னாலே வெட்டின கிணற்றில் ஏழாள் ஆழத்தில் நீ நின்றாய், நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் மழை குடித்த, சரளை கலந்த மொரம்பு மண். என் பாதத்துக்குக் கீழே இதே மாதிரிதான் நடுங்கியது. கத்த வாய் திறப்பதற்குள் ஒரு பக்கம் முழுக்கச் சரிந்துவிட்டது.

இந்தத் தடவை கத்திவிட்டேன். "மேல ஏறு! மேல ஏறு மச்சான்!" என்று அத்தனை ஜனத்துக்கும் நடுவில், தமிழில். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. எங்களுக்கும் கீழே இன்னொரு அடுக்கில் ரயில் போயிருக்கிறது, அவ்வளவுதான். அது எனக்கு அப்போது எங்கே தெரியும்? ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

நின்று பார்த்தபோது மத்தாயியும் இல்லை, வந்த வழியும் இல்லை. சூரியன் இல்லாத இடத்தில் கிழக்கு எது, மேற்கு எது? மலையில் வழி தப்பினால் என்ன செய்வோம்? சரிவைப் பிடித்து இறங்கு, ஓடை வரும், ஓடை ஊருக்குக் கொண்டுபோய் விடும். நானும் மடையன் அதையே செய்தேன். கீழே போகும் படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினேன். உனக்குச் சிரிப்பு வரும் மச்சான், நிஜமாகவே ஓடை வந்துவிட்டது. கடைகளுக்கு நடுவில், கல் பதித்த கால்வாயில், தெளிந்த தண்ணீர். அழகுக்காக விட்டிருக்கிறார்கள். தப்பித்தோம் என்று அதன் கூடவே நடந்தேன். ஒரு சுவரோரம் போய் இரும்புச் சல்லடைக்குள் அது இறங்கிவிட்டது. ஊரும் இல்லை, வழியும் இல்லை.

சல்லடைப் பக்கத்தில் மண்டியிட்டுக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல உடுப்புப் போட்ட ஒரு பெரியவர், அங்கே பராமரிப்பு வேலை செய்கிறவர், வந்து நின்றார். தண்ணீர் எங்கே போகிறது என்று என் கப்பல் இங்கிலீஷில் கேட்டேன். வழியைக் கேட்க வேண்டியவன் தண்ணீரைக் கேட்டேன் பார். அவர் என் வெறுங்காலையும் கையிலிருந்த ஷூவையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஓர் இரும்புக் கதவைத் திறந்து கூட வரச் சொன்னார்.

உள்ளே இன்னும் ஒரு படிக்கட்டு. உனக்காகத்தான் இறங்கினேன். கீழே பம்பு செட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அழகுக்கு விட்ட தண்ணீருக்கு ஒன்றுதான், சுற்றிச் சுற்றி வரும். மற்றதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். ஆள் நீளத்துக்குக் கனமான சிமென்ட்டுச் சுவர். அதையும் மீறித் தண்ணீர் கசிந்து, ஓரத்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பகல் இறைக்கிறார்களாம், நிறுத்தினால் கடைத்தெருவே முழுகிவிடுமாம். உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதுதான்.

மண் எப்படி விழாமல் நிற்கிறது என்றும் கேட்டேன். அவர் ஒரு சீட்டை எடுத்துப் படம் போட்டார். முதலில் இரண்டு பக்கமும் சுவரைப் பூமிக்குள் இறக்கிவிடுவார்களாம், அப்புறம்தான் நடுவில் இருக்கும் மண்ணைத் தோண்டி எடுப்பார்களாம். நான் அந்தச் சீட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டேன். கலசப்பாக்கத்தில் ஆற்று மணலில் உறை இறக்கிக் கிணறு வெட்டுகிறார்களே, அதே வேலை. வட்டச் சுவர் முன்னால் இறங்கும், ஆள் அதற்குள்ளே நின்று தோண்டுவான்.

மச்சான், இதை நீ சொன்னாய். உன் வீட்டுக் கிணற்றில் மண் இளகினபோது நீதான் சொன்னாய். ரோடு இல்லாவிட்டால் என்ன, உறையைத் துண்டு துண்டாகத் தலைச்சுமையாய்க் கொண்டுவரலாம் என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் காணும் முன்னே சுவர் வைத்தால் ஊற்று அடைபட்டுப்போகும் என்பது நம் மலையில் எல்லோரும் சொல்வது. என் அப்பனும் சொன்னான், நானும் சொன்னேன். அதோடு விட்டேனா? சுவருக்குள்ளே ஒளிஞ்சிகினு வெட்டறவன் ஆம்பளையா என்று நாலு பேருக்கு முன்னால் உன்னைக் கிண்டலும் பண்ணினேன். நீ சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாய்.

அத்தனை கனமான சுவரையும் மீறி ஊற்று வந்துகொண்டிருந்ததை அன்றைக்கு இந்தக் கண்ணால் பார்த்தேன். நான் சொன்னது பொய். அந்தப் பொய்க்காக நீ போனாய். அந்தப் பெரியவர் முன்னால் அழுதுவிட்டேன். கடிகாரக் கடை என்று சொன்னதும், அவர் என்னை நாங்கள் இறங்கிய படிக்கட்டு வரைக்கும் கூட்டிவந்து, அந்தச் சீட்டையும் கையில் கொடுத்து, ஷூவைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மேலே மத்தாயி மழையில் நனைந்தபடி, அழாத குறையாக நின்றிருந்தார். கடிகாரம் வாங்கியிருந்தார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கப்பலைப் பிடித்தோம்.

இந்தத் தையில் ஊருக்கு வந்தேன். இப்போது நம் ஊருக்கு டிராக்டர் வரும் அளவுக்கு வழி போட்டுவிட்டார்கள். உன் மகள் மல்லிகா என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள், இன்னும் ஓடையிலிருந்துதான் குடம் சுமக்கிறாள். வீட்டுப் பின்னால் அந்தக் குழி, சுற்றிலும் முள் வேலியோடு அப்படியே கிடக்கிறது. ஊரே மூடச் சொல்லியும் செல்லி மூடவில்லையாம். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லையாம்.

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைத்தெரு, பம்பு செட்டு, உறை, நான் பண்ணின கிண்டல் வரைக்கும். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் கேழ்வரகு புடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்ணா. ஒறையப் பத்தி நீ சிரிச்சத அவரு அன்னிக்கே சொல்லிட்டுதான் எறங்குனாரு. நீயா வந்து சொல்லுவேன்னுதான் அந்தக் குழிய மூடாம வெச்சினு இருந்தேன்."

எட்டு வருஷம் மச்சான். நான் கடல் கடலாக ஓடிக்கொண்டிருந்தேன், அவள் ஒரு வேலியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேருமாகக் குழியை மூடினோம். முதல் கூடை மண்ணை அவள்தான் போட்டாள். பத்தடி தள்ளிப் புதுக் கிணற்றுக்கு இடம் பார்த்தாயிற்று. அடிவாரத்திலிருந்து சிமென்ட் உறைகள் வந்து வாசலில் இறங்கியிருக்கின்றன. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஊற்று அடைபடப்போகிறது என்று சொல்லிப் போகிறார்கள். அடைபடாது என்று நான் ஒவ்வொருவருக்கும் அந்தச் சீட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் மறுபக்கத்தில் என்னவோ ஜப்பான் எழுத்து இருக்கிறது, உன்னிடம் இருந்தால் அதற்கும் அர்த்தம் கேட்டிருப்பாய்.

நாளைக் காலையில் இறங்குகிறேன். உறைக்குள் நின்றுதான் வெட்டுவேன், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். தண்ணீர் காணும் வரைக்கும் வேறு எவனையும் இறங்க விடமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் சத்தியம். மேலே கயிற்றைப் பிடிக்க ஆள் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்றுவிட்டாள் செல்லி. அவளே பிடிக்கிறாளாம்.

உன் கயிற்றைப் பிடித்து நின்ற மச்சான்,
காளி